கட்டி ஏற்றிய பீட்டில் இன்ஜினுக்கு டைமிங்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

போன ஆவணியில் கீழக்கரையிலிருந்து ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறை வாசலில் நின்றது. 1600 சிசி. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் இன்ஜினை இறக்கி, புது பிஸ்டன், புது பேரல் போட்டு ஏற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மூன்றாம் நம்பர் பேரலைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. "சத்தமே இல்ல தம்பி, நல்லாத்தான் இழுத்துச்சு. உச்சிப்புளி தாண்டுனதும் பொசுக்குனு போயிருச்சு" என்றார் வண்டிக்காரக் காக்கா.

டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது நான்கு பிளக்குக்கும் முறைவைத்துக் கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகத்தை, தொடாமல் டைமிங்கை அளந்து பார்த்தேன். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பதுதான் டைமிங். இன்ஜின் ஓடாமல் நின்ற நிலையிலேயே 18 டிகிரி முன்னால் இருந்தது. அது 009 என்ற வகை டிஸ்ட்ரிபியூட்டர், வேகம் ஏறினால் உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து இன்னும் 20 டிகிரிக்கு மேல் கூட்டும். இரண்டும் சேர்ந்து 40. ஓட்டை விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கட்டியவர் கவனமில்லாதவர் என்றும் சொல்ல முடியாது. இன்ஜின் புல்லியில் குறியாக வெட்டியிருந்த பள்ளத்துக்கு மிகச் சரியாக வைத்திருந்தார். புல்லிதான் வேறு ஏதோ இன்ஜினில் இருந்து வந்தது.

தண்ணீரில் குளிரும் வண்டி என்றால் டெம்பரேச்சர் முள் ஏறும், ரேடியேட்டர் ஆவி விடும், நாமும் ஓரங்கட்டுவோம். காற்றில் குளிரும் இன்ஜினில் அப்படி ஒரு எச்சரிக்கை கிடையாது. இன்ஜின் நமக்குப் பின்னால் இருக்கிறது, ஃபேன் இரைச்சல் வேறு. நாக்கிங் சத்தம், அதாவது பெட்ரோல் கண்டபடி வெடித்துத் தட்டும் சத்தம், முன் சீட்டுக்கு வந்து சேராது. போதாததற்கு நம் கடற்கரைக் காது வேறு மாதிரி. மீன்பிடி வல்லத்து டீசல் இன்ஜின் தடதடவென்று அடிப்பதைப் பிறந்ததிலிருந்து கேட்டவர்களுக்கு, இன்ஜின் கொஞ்சம் தட்டினால் "நல்லா வேலை செய்யுது" என்றுதான் தோன்றும். எனக்கும் சோறு போடுவது வல்லத்து இன்ஜின்தான், அதனால் சொல்லுகிறேன்: இந்த வண்டிக்குக் காதை வைத்து டைமிங் வைக்காதீர்கள்.

முதலில் வேறு மூன்று வேலை

டைமிங் கடைசி வேலை. டப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, குளிர்ந்த இன்ஜினில் 0.15 மி.மீ. இருக்க வேண்டும். பிளக் கேப் 0.6 முதல் 0.7. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியைக் கிளப்பும் பாயிண்ட்டின் கேப் 0.4. பாயிண்ட்டை டைமிங்குக்கு முன்னால் வைத்தே ஆக வேண்டும். கேப்பைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். குறைத்தால் பின்னால் போகும். டைமிங்கை வைத்துவிட்டு அப்புறம் பாயிண்ட்டைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

அடுத்தது புல்லி. 1938-இல் தொடங்கி 2003-இல் மெக்சிகோவில் நிற்கும் வரை 2 கோடிக்கு மேல் பீட்டில் வந்திருக்கிறது. இடையில் புல்லி எத்தனையோ மாறியிருக்கிறது. ஒன்றில் ஒரு பள்ளம், ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. எது 0, எது 7.5, எது 10 டிகிரி என்று புல்லியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. கட்டிய இன்ஜின் கைக்கு வந்தால், நம்பர் ஒன் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தை, அதாவது டிடிசியை, நீங்களே கண்டுபிடித்துவிடுங்கள்.

நான் செய்வது இது. ஒரு பழைய பிளக்கில் பீங்கானை உடைத்தெடுத்து, நடுவில் நுனி மழுங்கிய போல்ட் ஒன்றை வெல்ட் வைத்து வைத்திருக்கிறேன். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு அதை ஒன்றாம் நம்பரில் கையால் முறுக்க வேண்டும். 30-ஆம் நம்பர் ஸ்பேனரைப் புல்லி போல்ட்டில் போட்டு மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் வந்து போல்ட்டில் முட்டி நிற்கும். இன்ஜின் கேஸின் இரண்டு பாதியும் சேரும் கோட்டுக்கு நேராகப் புல்லியில் பென்சில் கோடு. அப்புறம் எதிர்ப்பக்கம் சுற்றி முட்டவிட்டு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுமையம்தான் டிடிசி. பலம் போடக் கூடாது, கையில் முட்டு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். சிலர் பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பார்ப்பார்கள். இந்த இன்ஜினில் ஓட்டை சாய்வாக இருக்கிறது. கம்பி மாட்டிக்கொண்டு பிஸ்டனைக் கீறியதைப் பார்த்திருக்கிறேன்.

டிடிசி கிடைத்த பிறகு 30 டிகிரி குறி வேண்டும். அதற்கு டைலரின் இஞ்சு டேப் போதும். புல்லியைச் சுற்றி அளந்து 12-ஆல் வகுத்தால் 30 டிகிரி. 54 செ.மீ. வந்தால் 4.5 செ.மீ. அதில் கால் பங்கு 7.5 டிகிரி. இரண்டையும் டிடிசிக் கோட்டுக்கு வலது பக்கம் அளந்து, வெள்ளை நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது புல்லி கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுகிறது, அதனால் முன்னால் வரும் குறி வலது பக்கத்தில் இருக்கும். பெயிண்டை விட நெயில் பாலிஷ் நன்றாக நிற்கிறது. வீட்டில் கேட்டு வாங்கும்போது கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, இனி வண்டி என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

ஸ்டார்ட்டே ஆகவில்லை, கார்புரேட்டர் வழியாக டப்பென்று வெடிக்கிறது

கட்டி ஏற்றியதும் முதல் நாள் வருவது பெரும்பாலும் இதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று, அதாவது புல்லிக் கணக்கில் ஒரு முழுச் சுற்று, மாறி உட்கார்ந்திருக்கும். நம்பர் ஒன் பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும், ஒரு முறை கம்ப்ரஷனுக்கு, ஒரு முறை புகை தள்ள. புகை தள்ளும் நேரத்தில் ரோட்டர் ஒன்றாம் நம்பரைக் காட்டினால் வண்டி வெடிக்கத்தானே செய்யும். டப்பெட் கவரைக் கழற்றி ஒன்றாம் நம்பர் ராக்கர் இரண்டையும் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் லேசாக ஆட்டம் இருந்தால் கம்ப்ரஷன். இறுகியிருந்தால் தப்பு, புல்லியை இன்னொரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த இடத்தில் ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் வெட்டியிருக்கும் சின்னக் கோட்டைக் காட்ட வேண்டும்.

அது சரியென்றால் பிளக் வயரைப் பாருங்கள். பின்னால் நின்று இன்ஜினைப் பார்த்தால் உங்கள் வலது கைப்பக்கம் தூரத்தில் இருப்பது 1, கிட்ட இருப்பது 2. இடது பக்கம் தூரத்தில் 3, கிட்ட 4. வெடிக்கும் வரிசை 1-4-3-2, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கடிகாரத் திசையில். மற்ற கார் பழக்கத்தில் 1-3-4-2 என்று போட்டுவிடுவது நடக்கும். நானே ஒரு முறை போட்டிருக்கிறேன்.

ரோட்டர் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, திருப்பினால் வேக்குவம் டப்பா (கார்புரேட்டர் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்துவது) எதிலாவது முட்டுகிறது என்றால், கீழே இருக்கும் டிரைவ் ஷாஃப்ட் ஒரு பல் தள்ளி இறங்கியிருக்கிறது. அழகாக இல்லை என்பதைத் தவிர இன்ஜினுக்கு அதில் நஷ்டமில்லை. மூடியில் வயரை ஒவ்வொரு இடம் தள்ளிப் போட்டும் ஓட்டலாம். ஷாஃப்ட்டைத் தூக்கிப் போடத்தான் வேண்டும் என்றால், அடியில் மெல்லிய வாஷர் இருப்பதை நினைவில் வையுங்கள். அது கேஸுக்குள் விழுந்தால் மறுபடி இன்ஜின் இறக்க வேண்டி வரலாம்.

ஸ்டார்ட்டர் திணறுகிறது, எதிர்த்து உதைக்கிறது

குளிர்ந்திருக்கும்போது சுற்றுகிறது, சூடானதும் க்ர்ர்க், க்ர்ர்க் என்று நின்று நின்று சுற்றுகிறது. டைமிங் ரொம்ப முன்னால் இருந்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்துத் திருப்பித் தள்ளும். காயிலிலிருந்து (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் சுருள்) விளக்குப் பார்க்கும் முறையில் 7.5-க்கு வைத்துப் பாருங்கள்.

அந்த முறை எளிது. 7.5 குறியைக் கேஸ் கோட்டுக்கு நேராக நிறுத்தி, ரோட்டர் ஒன்றைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர், ஒன்று காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில், இன்னொன்று எர்த்தில். சாவியை ஆன் செய்து, கிளாம்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை விளக்கு அணையும் வரை கடிகாரத் திசையில் திருப்புங்கள். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எதிர்த்திசையில். விளக்கு எரியும் அந்தக் கணத்தில் நிறுத்திக் கிளாம்பை இறுக்குங்கள். இறுக்கும்போது நகரும், அதனால் திரும்பவும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாவியை ஆனிலேயே மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள், காயில் வெந்துவிடும்.

இதெல்லாம் செய்தும் ஸ்டார்ட்டர் திணறினால் டைமிங்கை விட்டுவிடுங்கள். வண்டிக்குக் கீழே கியர் பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டையைப் பாருங்கள். தனுஷ்கோடி சாலைக்கு மாதம் ஒரு முறை போய் வரும் வண்டிகளில் அது பச்சை பிடித்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும்.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை, சைலன்சரில் பட் பட்

டைமிங் பின்தங்கியிருக்கிறது. சிலிண்டருக்குள் எரிய வேண்டியது வால்வு திறந்த பிறகும் எரிந்துகொண்டே வெளியே போகிறது. புகைக்குழாய் அளவுக்கு மேல் சுடும்.

காரணம் இரண்டில் ஒன்று. பாயிண்ட்டின் ஃபைபர் கட்டை தேய்ந்து கேப் அடைந்திருக்கலாம், அது ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தெரிந்துவிடும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எடைகள் துரு ஏறி விரியாமல் இருக்கலாம். நம் பக்கத்தில் எனக்கு அதிகம் வந்தது இந்த இரண்டாவது. மூடியைக் கழற்றி ரோட்டரைக் கடிகாரத் திசையில் இரண்டு விரலால் லேசாக முறுக்கிவிட்டு விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தாலோ வராமலே நின்றாலோ, நின்ற நிலையில் எவ்வளவு துல்லியமாக வைத்தும் பயனில்லை. ரோட்டருக்கு அடியில் சின்னதாக ஒரு கம்பளித் துணி வட்டம் இருக்கும். அதில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடுவது எல்லோரும் மறக்கும் வேலை. மூன்றாவது சொட்டு விடாதீர்கள், பாயிண்ட்டில் தெறிக்கும்.

ஏற்றத்தில் டிக் டிக் என்று தட்டுகிறது

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பாம்பன் சாலைப் பாலம் இருக்கிறதே. 1988-இல் திறந்தது, 2 கி.மீ.க்கு மேல் நீளம், நடுவில் கப்பல் போக உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நான்கு பேரை ஏற்றி, மண்டபம் பக்கமிருந்து டாப் கியரிலேயே ஏறிப் பாருங்கள். பின் கண்ணாடியை இறக்க முடியாது, பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுவதுபோல் சத்தம் வந்தால் காலை எடுத்துவிட்டு கியரைக் குறைத்து இறங்குங்கள். பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள்.

பிஸ்டனைத் தின்பது இந்த அறிகுறிதான், அதனால் இதை மட்டும் டைமிங் லைட் (பிளக் பொறி விடும்போதெல்லாம் மின்னும் விளக்கு) வைத்துப் பார்த்தே தீர வேண்டும். கிளிப் ஒன்றாம் நம்பர் பிளக் வயரில். வேக்குவம் குழாய் இருந்தால் கழற்றி வாயை அடைத்துவிடுங்கள். ஒருவர் ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் கூட்டி 3000, 3500 ஆர்பிஎம் வரை கொண்டுபோகட்டும். நீங்கள் வைத்த வெள்ளைக் குறி நகர்ந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. அந்த இடம் 28-க்கும் 30-க்கும் நடுவில் இருக்கட்டும். 32-ஐத் தாண்டவே கூடாது. நின்ற நிலையில் என்ன வருகிறதோ வரட்டும், 5 வந்தாலும் சரி, 10 வந்தாலும் சரி. 009-க்கு முழு அட்வான்ஸ், அதாவது குறி போய் நிற்கும் அந்தக் கடைசி அளவுதான் கணக்கு.

எல்லா டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இது பொருந்தாது. எடையே இல்லாமல் வேக்குவத்தில் மட்டும் நகரும் பழைய வகைக்கு நின்ற நிலையில் 7.5 வைத்தால் முடிந்தது. 1971 முதல் 1973 வரை வந்த இரட்டைக் குழாய் வகைக்கு, இரண்டு குழாயும் மாட்டியபடி ஸ்லோவில் டிடிசி தாண்டி 5 டிகிரி. ஆமாம், தாண்டித்தான். அதைப் பார்த்துத் தப்பு என்று முன்னால் கொண்டுவந்தால் வேகத்தில் அளவு மீறிவிடும்.

இன்னொன்று. மூன்றாம் நம்பரில் கிளிப்பைப் போட்டுப் பார்த்தால் சில பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களில் குறி சில டிகிரி பின்தங்கித் தெரியும். பழுது என்று நினைக்க வேண்டாம். 1971-க்கு முந்தைய மாடல்களில் ஆயில் கூலர் மூன்றாம் நம்பருக்குப் போகும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. அது எப்போதும் மற்றதை விடச் சூடு. அதற்காகவே அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் கொஞ்சம் பின்னால் வைத்துச் செய்திருக்கிறார்கள். காக்கா வண்டியிலும் ஓட்டை விழுந்தது மூன்றாம் நம்பரில்தானே.

ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஒரு விக்கல்

009 போட்ட வண்டியில் இது கொஞ்சம் இருக்கும். வேக்குவம் இல்லாததால் மிதித்த உடனே டைமிங் கூடாது. கார்புரேட்டரின் ஆக்ஸிலேட்டர் பம்ப்பைச் சரியாக வைத்துச் சமாளிக்கலாம். விக்கலைப் போக்க டிஸ்ட்ரிபியூட்டரை முன்னால் திருப்புகிறவர்கள்தான் பிஸ்டனுக்கு எமன்.

வேக்குவம் வகையில் விக்கல் வந்தால், மூடியைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் பக்கமிருந்து குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சுங்கள். பாயிண்ட் இருக்கும் தட்டு நகர வேண்டும். நாக்கால் அடைத்துப் பிடித்தால் அப்படியே நிற்க வேண்டும். நழுவிப் பின்னால் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. பெட்ரோல் வாசனை நாக்கில் ஒரு மணி நேரம் இருக்கும், அதைத் தவிர வேறு தொல்லை இல்லை.

டைமிங் லைட்டில் குறி ஆடுகிறது

குறி ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்திருக்கிறது. ரோட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கைக்கு ஆட்டம் தெரியக் கூடாது. புஷ்ஷை மாற்றாமல் டைமிங் வைப்பது அலையில் நிற்கும் வல்லத்துக்கு அளவெடுப்பது மாதிரி.

விடியற்காலையில் மிஸ்ஸிங், வெயில் ஏறினால் சரி

டைமிங் இல்லை. உப்பு. மார்கழி, தை மாதங்களில் கடற்கரையை ஒட்டி நிற்கும் வண்டிக்கு இது சாதாரணம். இரவில் பனி இறங்கி மூடிக்குள் ஏற்கெனவே படிந்திருக்கும் உப்பை நனைத்துவிடும், கரண்ட் அதன் வழியாகக் கசியும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் மூடியின் மேலும் வயர்களிலும் நீலமாகப் பொறி ஊர்வது தெரியும். மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கருங்கோடு இருந்தால் துடைத்துப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். புதிது வாங்கும்போது உள்ளே பித்தளை முனை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அலுமினிய முனை இங்கே சீக்கிரம் வெள்ளைப் பொடி பூத்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, காலையில் நன்றாக ஓடி, சூடானதும் மிஸ்ஸிங் என்றால், பாயிண்ட்டில் தீப்பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர்தான் காரணம். பாயிண்ட் முகம் சீக்கிரம் கருகுவதும் அதனால்தான். புதுக் கண்டென்சர் என்பதால் நல்லது என்று நம்பாதீர்கள். நான் டப்பாவில் பழையது ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன்.

டைமிங் எல்லாம் சரி, ஆனாலும் கொதிக்கிறது

இன்ஜினைச் சுற்றி இருக்கும் தகடுகள் எல்லாம் இருக்கின்றனவா? கட்டி ஏற்றும்போது இரண்டு மிஞ்சிவிடும், "இது எதுக்கு" என்று மூலையில் போட்டுவிடுவார்கள். கீழே வரும் சூட்டுக் காற்று மேலே ஏறி ஃபேனுக்குள் போகாமல் தடுப்பது அவைதான், சுற்றிவர இருக்கும் ரப்பரும் அதற்குத்தான். ஆடியில் கச்சான் காற்று அள்ளி வீசும் மணல், கசியும் ஆயிலோடு சேர்ந்து ஆயில் கூலரை அடைத்துவிடும். ரொம்ப நாள் நின்ற வண்டியென்றால் ஃபேன் கூட்டைத் திறந்து பாருங்கள். ஒரு வண்டியில் தேங்காய் நாரும் பஞ்சும் வைத்து அணில் கூடு கட்டியிருந்தது. அந்த வண்டிக்கு அதுவரை மூன்று பேர் டைமிங் மாற்றியிருந்தார்கள்.

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) பழைய அளவிலேயே இருந்தால் அது கலவையை மெலிதாக்கும், சூடு கூடும். பிளக் முனை வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள், பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு திருப்பினாலும் எதுவும் சரிப்படவில்லை

டிஸ்ட்ரிபியூட்டரை எங்கே வைத்தாலும் மந்தம், நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் குறைவு என்றால் வால்வுகளை இயக்கும் கேம் கியர் ஒரு பல் மாறிப் போயிருக்கலாம். கிராங்க் கியரின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கேம் கியரின் வட்டக் குறி வர வேண்டும். அதைப் பார்க்க இன்ஜினை இறக்கிக் கேஸைப் பிரித்தே ஆக வேண்டும். கட்டியவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள்.

கட்டிய இன்ஜினுக்கு 500 கி.மீ.யில் டப்பெட்டையும் பாயிண்ட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும். காக்கா வண்டியைப் புது பிஸ்டன் போட்டு, முழு அட்வான்ஸ் 30-க்கு வைத்து அனுப்பினேன். 500 முடிந்து வந்தபோது ஃபைபர் கட்டை படிந்து கேப் 0.35 ஆகியிருந்தது, டைமிங் 27-க்கு இறங்கியிருந்தது. "இழுவை கொஞ்சம் கம்மி, நீயே காதுல கேட்டுப் பாரு தம்பி" என்றார். நான் லைட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.